வடிகால் வாயை நகர்த்திய செல்வராணி

செல்வராணி இறந்த செய்தி வந்தபோது நான் விழுப்புரத்தில் ஒரு சாலையோரம் மட்டம் பார்க்கும் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய அக்கா ஜெயமேரி. "சார், ராணி காலையில போயிடுச்சிங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில இருந்து எடுத்துக்கினு வர்றோம்" என்றார். அவர் குரல் நிதானமாக இருந்தது. நான்தான் கருவியின் முக்காலியைப் பிடித்தபடி, வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டு விலகிப் போகும் அளவுக்குச் சாலையில் நின்றுவிட்டேன்.

செல்வராணியோடு விலங்கியல் படித்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவரோடு ஏரி ஏரியாகப் பறவை பார்க்கப் போனவர்களும், அவருடைய அறிக்கைகளைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களும் படிக்கக்கூடும். நான் அந்த மூன்றாம் வகையில் தொடங்கியவன்.

திண்டிவனத்தின் கிழக்கு ஓரத்தில் புதிய மனைப்பிரிவுகள் வந்த பிறகு, மண் கொட்டி உயர்த்திய அந்த மனைகளிலிருந்து வழியும் மழைநீர் முழுவதும் பக்கத்திலிருந்த காலனிக்குள் திரும்பியது. கார்த்திகை மாதத்தில் அங்கே வீடுகளுக்குள் முழங்கால் அளவு நிற்கும். அதை வெளியேற்ற ஒரு வடிகால் திட்டம் வந்தது. வரைபடம் போட்ட பொறியாளன் நான். வடிகால் போய்ச் சேரும் இடம் ஊருக்கு வெளியே ஓர் ஏரி. ஏரி என்று பெயர். பாதிக்கு மேல் சம்பும் கோரையும் மண்டிய சதுப்பு. சுற்றுச்சூழல் ஆய்வு முடியாமல் ஒரு கல் வைக்கக் கூடாது என்று பணம் தந்தவர்கள் நிபந்தனை போட்டதால் செல்வராணியை அமர்த்தினார்கள். அவர் பிறந்தது அதே காலனியில் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

முதல் சந்திப்பில் ஏரியின் வடகரையில் வடிகால் வாய் அமையும் இடத்தைச் சிவப்பு மையில் காட்டினேன். அவர் வெகுநேரம் வரைபடத்தைப் பார்த்தார். "தண்ணி எங்க போய் விழுதுன்னு வரைஞ்சிருக்கீங்க சார். எது மேல போய் விழுதுன்னு வரையலையே" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். இருபது வருடமாக வடிகால் வரைகிறேன், ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை என்று வீட்டில் வந்து புலம்பினேன்.

மார்கழியில் ஒரு நாள் விடிந்ததும் அவரை ஏரிக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சம்புக்குள் போய் நின்றார். வெயில் ஏறியது. நான் இரண்டு முறை கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவர் அதே இடத்தில், அதே நிலையில் நின்றிருந்தார். ஒரு நாரை வந்து அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இறங்கி மீன் தேட ஆரம்பித்தது. மரத்தையோ கல்லையோ கண்டது போல அது அவரைச் சட்டை செய்யவே இல்லை. ஒரு மனிதரால் அப்படி இருக்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். கரையேறி வந்தபோது அவர் கால்களில் அட்டைகள் தொங்கின. உப்பைத் தொட்டு வைத்து அவற்றை எடுத்துக்கொண்டே முக்குளிப்பான் என்ற சிறு நீர்ப்பறவையைப் பற்றிச் சொன்னார். அது பாசியையும் தண்டையும் சேர்த்து மிதக்கும் கூடு கட்டி, அது தண்ணீரோடு போய்விடாமல் சம்பில் பிணைத்து வைக்குமாம். ஒரே மணி நேரத்தில் தண்ணீர் வேகமாக ஏறினால் கூடு பிய்ந்துபோகும். வடிகால் வாயிலிருந்து அப்படித்தான் வரும். "வெளிய போறப்ப முட்டை மேல பாசியை இழுத்து மூடிட்டுப் போகுதுங்க சார். நம்ம கண்ணுக்கு வெறும் குப்பைதான் தெரியும்" என்றார்.

தை மாதத்தில் அவருடைய அறிக்கை வந்தது. மிதக்கும் கூடுகள் ஏரி முழுவதும் பரவிக் கிடக்கின்றன, எந்தப் பக்கத்திலிருந்தும் வடிகால் நீரை உள்ளே விடக் கூடாது என்று எழுதியிருந்தார். திட்டம் நின்றது. பறவைக்காக ஊரை மூழ்கடிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மனை வாங்கியவர்கள் முன்வரிசையில், காலனிக்காரர்கள் பின்னால். திட்ட அதிகாரி பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கையில் ஒலிவாங்கி கொடுத்தார்கள். அவர் அதை வாங்கவில்லை.

"குருவிக்கு வூடு வேணும்னு எழுதியிருக்கே. எங்க வூட்டுல தண்ணி பூந்துக்கினு கெடக்குது. பாயை சுருட்டிக்கினு பள்ளிக்கூடத்துக்குப் போயி படுக்கறோம். அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்குது?"

செல்வராணி எழுந்து நின்றார். "ரெண்டாவது பக்கத்துல இருக்குதுக்கா. மொதல்ல அதைத்தான் எழுதினேன்."

அந்த 'அக்கா' வெறும் மரியாதைக்குச் சொன்னதாக இல்லை. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகு எங்களுக்கு விளங்கியது. தன் கூடப்பிறந்தவளின் வீட்டில் தண்ணீர் நிற்கும்போது இவர் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுந்து கேட்ட பெண் ஜெயமேரிதான். அவர் உட்கார்ந்தார்.

அடுத்து செல்வராணி செய்ததை நான் என் தொழிலில் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. "என் அறிக்கையில தப்பு இருக்குதுங்க" என்று சொன்னார். கூடு என்று தான் எண்ணியதில் பாதிக்கு மேல் கூடே இல்லையாம். ஜோடி சேரும் காலத்தில் முக்குளிப்பான்கள் பாசியைக் குவித்துத் திட்டு போட்டு, பிறகு அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. பாசியை விலக்கிப் பார்த்தால் பறவை மிரண்டு கூட்டை விட்டுவிடும் என்பதால் எட்ட இருந்தே எல்லாவற்றையும் கூடாக எண்ணிவிட்டார். சந்தேகம் வந்து, கூட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்கத் தினமும் போய், ஒவ்வொரு திட்டுக்கும் பறவை வருகிறதா என்று நின்று பார்த்திருக்கிறார். அவர் சொல்லியிராவிட்டால் அந்தத் தப்பு யாருக்கும் தெரிந்திருக்காது. எங்களில் யாருக்கு முக்குளிப்பானைத் தெரியும்?

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆய்வு முடிந்தது, வடகரையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம் என்று நினைத்தோம். செல்வராணி இன்னும் உட்காரவில்லை. நிஜக் கூடுகள் எல்லாம் ஏரியின் வடமூலையில் ஒரே சம்புக்காட்டுக்குள் இருக்கின்றன, நான் வடிகால் வாயைப் போட்ட இடத்துக்கு நேர் எதிரே, என்றார். தென்கரையில் ஒன்றுகூட இல்லை. "எண்ணிக்கை கொறைஞ்சதால அதுங்க முக்கியம் கொறையலைங்க. எங்க இருக்குதுன்னு இப்பதான் சரியா தெரிஞ்சிது. வாயைத் தெற்கால கொண்டுபோனா காலனித் தண்ணியும் வெளிய போவும், கூடும் நிக்கும்."

தெற்கே சரிவு போதாது என்று நான் எழுந்து சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார். "அளந்தீங்களா சார்?"

நான் அளக்கவில்லை. பழைய வரைபடத்தைப் பார்த்து ஊகித்திருந்தேன். தன் தவறை அத்தனை பேர் முன்னால் அப்போதுதான் சொல்லி முடித்த ஒருவரிடம் பொய் சொல்ல என் நாக்கு எழவில்லை. இல்லை என்றேன்.

அந்த வாரமே அளந்தேன். சரிவு குறைவுதான். வடிகாலை அகலப்படுத்தினால் போதும் என்று வந்தது. ஏரிக்கு முன்னால் ஒரு வண்டல் குட்டை வெட்டி, சாலை எண்ணெயும் குப்பையும் அதில் தங்கிய பிறகு தெளிந்த நீர் மெல்ல உள்ளே இறங்கும்படி வரைந்தேன். வரைபடத்தில் முதல்முறையாக வடமூலைச் சம்புக்காட்டையும் பச்சை மையில் குறித்தேன். செல்வராணி அதைப் பார்த்தார். சம்பு இன்னும் கொஞ்சம் மேற்கே போகும் என்று திருத்தினார்.

வடிகால் கட்டி முடிந்த நேரத்தில் அவருக்கு நோய் கண்டது. முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் காலையில் சிகிச்சை முடித்துவிட்டு, அங்கிருந்தே திண்டிவனம் பேருந்தில் ஏறி ஏரிக்கு வந்துவிடுவார். கூட்டேரிப்பட்டில் பேருந்து நிற்கும்போது எனக்குப் போன் செய்வார், நான் வண்டியோடு காத்திருப்பேன். இத்தனை பேஜாரு உங்களுக்கு எதற்கு மேடம் என்று ஒருமுறை கேட்டேன். தண்ணீர் விட்ட பிறகு கூடுகள் என்ன ஆயின என்று பார்க்காவிட்டால் அறிக்கை பாதியில் நிற்பதாகத்தானே அர்த்தம் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கடைசியாக வந்த நாளில் கரையிலிருந்து இறங்க அவரால் முடியவில்லை. பாறாங்கல்லில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். இருபது வருடம் தண்ணீருக்கு வழி வரைந்தவன், ஓர் ஏரிக்குள் கால் வைத்தது அன்றுதான். சேறு முழங்காலைப் பிடித்து இழுத்தது. வடமூலையில் மிதந்த திட்டுகளை எண்ணிக்கொண்டு திரும்பி வந்து எண்ணிக்கையைச் சொன்னேன்.

"பறவை வந்து உக்காந்ததைப் பாத்தீங்களா, திட்டை மட்டும் பாத்தீங்களா?"

"திட்டைத்தான்."

"அப்ப இன்னொரு தரம் போய்ட்டு வாங்க சார். நான் இருக்கேன்."

மறுபடி இறங்கினேன். நின்றேன். இடுப்பு வலித்தது, காலில் ஏதோ ஊர்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சம்புக்கு இடையில் தண்ணீர் பிளந்து, கைப்பிடி அளவு பழுப்புத் தலை ஒன்று மேலே வந்தது. அது என்னைப் பார்த்தது. திட்டில் ஏறி, அலகால் பாசியை ஒவ்வொரு இழையாக விலக்கியது. உள்ளே கறை படிந்த முட்டைகள். அவற்றின் மேல் அமர்ந்து இறகைச் சரிசெய்துகொண்டது. நான் சிவப்பு மையில் கோடு போட்ட இடத்துக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கரையில் அந்த மெலிந்த பெண் உட்கார்ந்திருந்தார். பறவை வந்து உட்கார்ந்ததை என் முகத்திலேயே பார்த்துக்கொண்டார் போலும், நோட்டைத் திறந்து எழுதினார்.

காலனிக்குப் பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம். எல்லோரும் கலைந்த பிறகு ஜெயமேரி என்னிடம் ஒன்று சொன்னார். போன மழைக்கு அவர் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. வாசற்படி வரை வந்து வடிந்துவிட்டது. அதைத் தங்கையிடம் ஆஸ்பத்திரியில் சொல்லி, வடிகால் சரியாகிவிட்டது என்று எழுதிவிடேன், உனக்கும் நிம்மதியாக இருக்கும் என்றாராம். "ஒரு மழையைப் பாத்துட்டு எழுத முடியாதுக்கா, இன்னொண்ணு பாக்கணும்னு சொல்லிச்சி சார். அப்ப அதுக்குப் பேசவே முடியல."

நண்பர்களே, அவருடைய நோட்டுகள் அவர் படித்த கல்லூரிக்குப் போகின்றன. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது கண்ணுக்குத் தெரியாதது: பார்க்காததை எழுதப் போனால் கூசும் கை. அது எனக்கு இயல்பாக வாய்க்கவில்லை, அவரிடமிருந்து வந்தது. அந்த அறிக்கையின் கடைசிப் பக்கம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது, இப்போது அதை முடிக்கும் பொறுப்பு என்னுடையது. நேற்று ஐப்பசி பிறந்தது. மேகம் கிழக்கே கட்டியிருக்கிறது. மழை தொடங்கியதும் ஜெயமேரி வீட்டு வாசலில் போய் நிற்பேன்.