நிலைக்கு மேல் தொங்கிய கள்ளி

என் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு தொட்டி. அதில் பெருவிரல் பருமனில் ஏழெட்டுக் கள்ளிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. கொடுக்கும்போதே அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை. அவள் ஐந்தாம் வகுப்பில் வளர்த்த தங்க மீன்களைப் பொரி போட்டே கொன்றவன் நான்.

"இதையாச்சும் உசுரோட வச்சிருங்கப்பா" என்றாள். இலுப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் இருபது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

முதலில் பெயரைக் கண்டுபிடிக்க இறங்கினேன். செல்போன் செயலி காலையில் ஒரு பெயரும் மாலையில் வேறொரு பெயரும் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர், "சப்பாத்திக்கள்ளிக் குட்டி சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். உடம்பு முழுக்கக் குமிழ் குமிழாக இருந்தது. ஒவ்வொரு குமிழின் நுனியிலும் பஞ்சுப் பொட்டு, அதிலிருந்து கதிர் கதிராக முள். மாமில்லேரியா என்று தீர்ப்பு எழுதினேன். உச்சியைச் சுற்றி வளையமாகப் பூத்துவிட்டால் சந்தேகமே இருக்காது.

வறண்ட நிலத் தாவரங்களுக்கு நீர் அதிகம் ஆகாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். வீட்டில் நடந்தது வேறு. மகள் நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு சொம்பு ஊற்றினேன். நினைப்பு ஒரு நாளைக்கு மூன்று முறை வந்தது. மார்கழி முடிவதற்குள் அடிப்பக்கம் பழுப்பேறிக் கொழகொழத்துவிட்டது. அவள் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் செடியைக் காட்டச் சொல்வாள். நான் போனைத் தள்ளிப் பிடித்து, நெட்வொர்க் சரியில்லை என்பேன்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வந்தால் தொட்டி காலி. கள்ளி வாசல் நிலைக்கு மேல், படிகாரத்துக்குப் பக்கத்தில், கறுப்புக் கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறது. ஊரில் எல்லோரும் கண் திருஷ்டிக்குக் கற்றாழை கட்டுவார்கள். என் மனைவி என் மானத்தைக் கட்டியிருந்தாள்.

"போறவன் வாரவன் எல்லாம் வீட்ட அண்ணாந்து பாக்குறான். கத்தாழ வாங்க ஆள் இல்ல. நீங்க எப்படியும் இத அழுக விட்ருவீங்க. முள்ளு இருக்குல்ல, தொங்கட்டும்" என்றாள்.

"அவ வந்து கேட்டா என்ன சொல்றது? அவுத்துக் குடு."

"கட்டுன திருஷ்டிய அவுக்கக் கூடாதுங்க."

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வெட்கத்தில் நான் நிலையை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டேன்.

பங்குனியில் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போது அண்ணாந்து பார்த்தாள். மன்னிப்பை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"அப்பா, ஸ்டூல் எடுத்துட்டு வாங்க."

ஏறி இறக்கினாள். அழுகல் காய்ந்து வடுவாகிவிட்டிருந்தது. தலைகீழாகத் தொங்கிய உச்சிகளில் இளஞ்சிவப்புப் பூக்கள், சரியாக வளையமாக.

"அழுகுனா மண்ண விட்டு எடுத்து நெழல்ல காயவிடணும். கரெக்டா செஞ்சிருக்கீங்களே. யாரு, நீங்களா?"

'நான்தான்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா" என்றேன்.

மகள் சிரித்தாள். "நீங்க எவ்வளவுப்பா ஊத்துனீங்க?"

"ஒன்ன நெனைக்கிறப்பல்லாம்."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. மொத்தக் கொத்தையும் புதுத் தொட்டியில் நட்டு அம்மாவிடம் கொடுத்தாள். ஒரே ஒரு குட்டியைக் கிள்ளி, உடைந்த டீ கிளாஸில் சரளைக்கல் போட்டு நட்டு என் கையில் வைத்தாள். "மாசத்துக்கு ஒரு தடவதான். சரியா?"

அவள் திரும்பிப் போய் இன்றோடு பத்து நாள். தினமும் காலையில் சொம்பில் தண்ணீர் மொண்டு அதன் பக்கத்தில் போய் நிற்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீரை நானே குடித்துவிடுகிறேன்.