பென்குயின் ஓட்டிய விமானம்

முன் இருக்கையின் முதுகில் பதித்திருக்கும் டிவிக்குள்தான் விமானத்தின் உயிரே இருக்கிறது என்று நம்பியவன் நான். அதுவும் பண்டாரவளையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திச் சாப்பிட்ட மேதை!

லண்டனில் இருந்த மகளைப் பார்க்க மனைவியோடு போய்க்கொண்டிருந்தேன். நடுவானில் எல்லாத் திரைகளும் கறுத்தன. மூலையில் ஒரு குண்டுப் பென்குயின் தோன்ற, அதன் கீழே வெள்ளை எழுத்துகள் ஓடின. அந்தப் பிராணியை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் சின்னம். அதை யாரும் இலவசமாக எடுத்து, இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம். ஓசிச் சாமான் உருப்படுமா என்று அதன் சீடியை டீக் கோப்பைக்கு அடியில் வைத்திருந்தேன். நான் பாடம் நடத்தியது திருட்டு சீடியில் என்பது வேறு விஷயம்.

மனைவியை உலுக்கினேன். "காலுக்குச் சப்பாத்தைப் போடு. ஓசிச் சாமான்ல பிளேனை ஓட்டியிருக்கானுங்க, நின்னுபோச்சு!"

மற்றவர்கள் மாடுகள் மாதிரி அசையாமல் இருந்தார்கள். எங்கள் பக்கம் மடுல்சீமை மலை ஏற்றத்தில் பஸ் நின்றால் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்போம். அந்தப் பழக்கத்தில் சப்பாத்தை மாட்டி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

"எங்கங்க போறீங்க, கல்லு வைக்கவா?" என்றாள் மனைவி. "படம் பாதியில நிக்குது. அந்தப் பொண்ணக் கூப்பிட்டுக் கேளுங்க."

பணிப்பெண் வந்தாள். டிவிகளை மட்டும் நிறுத்தி மறுபடி போட்டிருக்கிறோம், விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள்.

சற்று நேரத்தில் திரைகள் திரும்பின. மனைவி அதே படத்தை முதலிலிருந்து பார்த்தாள். நான் லண்டன் வரை சப்பாத்துக் காலோடு உட்கார்ந்திருந்தேன்.