கம்பிக்குள் மூன்று தலைவர்கள்

கீரனூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் திருச்சி பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே, நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த தலைவர்களுக்கு நினைவு மண்டபம். மூன்று சிலைகள், சுற்றிலும் கம்பிக் கூண்டு, கதவில் என் கையளவு பூட்டு. உள்ளே அவர்கள் கழுத்தில் குடியரசு தினத்தன்று போட்ட மாலை நாராகிக் கிடக்கிறது. வெளியே அதே கம்பியில் புது மாலைகள் தொங்குகின்றன, விற்பனைக்கு.

“எதுக்குக்கா இந்தக் கூண்டு?” பூக்கட்டும் அம்மாளிடம் கேட்கிறேன்.

“செலை மேல எவனாச்சும் கைய வச்சுட்டா ஊரு ரெண்டுபட்டுரும்ல? அதான் பூட்டி வச்சிருக்காங்க.”

“தெறக்கவே மாட்டாங்களா?”

“இனி சுதந்திர தினத்துக்குத்தான் தெறப்பாங்க. மாலையப் போட்டு, போட்டோ எடுத்துட்டு மறுபடி பூட்டிருவாங்க.”

வெள்ளைக்காரன்கூட இவர்களை உள்ளே வைத்தபோது, என்றைக்கு விடுவான் என்று சொல்லித்தான் பூட்டினான்.