காதர் சாரும் ‘சீரியஸ்’ என்ற சொல்லும்

“காதர் சார் சீரியஸா இருக்காராம். காட்டூர் வீட்டுக்கு உடனே வாங்க” என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சீரியஸாக இருப்பவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அல்லவா வரச் சொல்வார்கள்? இறந்துவிட்டார் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அந்தச் சொல்லை இப்படிப் புழங்கக் கூடாது என்றுதானே அந்த மனிதர் எங்களைப் பாடாய்ப் படுத்தினார்?

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜை அவருடையது. சீரியஸ் என்று வரும் இடத்திலெல்லாம் வேலை நின்றுவிடும். காயத்துக்கு வந்தால் ‘பலத்த’, குற்றத்துக்கு வந்தால் ‘கடுமையான’. சிரிக்காத ஒரு அதிகாரியை ‘தீவிரமானவர்’ என்று நான் எழுதிவிட்டேன். “இதைப் படிச்சா போலீஸ் அவரைத் தேடிப் போயிரும்மா” என்று அடித்துவிட்டார்.

ஒருமுறை தொழிற்சாலை ஒன்றின் எச்சரிக்கைப் பலகைக்கு ஒரே ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தார். “போர்டு எழுதுறவர் ஏணியில நிக்கிறாராம் சார்” என்றேன்.

“நிக்கட்டும். அதைப் படிச்சுட்டு மெஷின்ல கை விடப்போறவனை நினைச்சுப் பாருங்க.”

முசிறிக்காரர் வந்த நாள் மறக்காது. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன அவர் மகன் சாரத்திலிருந்து விழுந்திருந்தான். உடலை ஊருக்குக் கொண்டுவர மனு எழுத வேண்டும் என்றார்.

“இறந்துட்டாருன்னு யாருங்க சொன்னது?” என்று கேட்டார் காதர் சார்.

“சீரியஸ்னு சொல்லிட்டாங்க சார். வேற எப்படிச் சொல்லுவாங்க?”

மகன் கிடந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஆங்கிலத்தில் பேசி அனுப்பியிருந்த குரல்பதிவைக் காதர் சார் போட்டுக் கேட்டார். “அடி பலமா பட்டிருக்கு, ஆனா நிலைமை மோசமாகலைன்னுதான் சொல்றாங்க. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு இந்த மனுவை நான் எழுத மாட்டேன்.” நர்ஸைக் கூப்பிட்டுப் பேசினார். கொஞ்ச நேரத்தில் போனில் மெலிதாக “அப்பா” என்று கேட்டது. முசிறிக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் அந்தப் பையன் தாங்கித் தாங்கி நடந்து, பேரீச்சம்பழ டப்பாவோடு வந்தான். அதைச் சொல்லிச் சொல்லியே காதர் சார் எங்கள் உயிரை எடுத்தார். யாரும் எதிர்த்துப் பேச முடியாது. “முசிறி ஞாபகம் இருக்கா?” என்பார்.

அப்படிப்பட்டவர் போன மாதம் அலுவலக மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “சீரியஸா ஒண்ணும் இல்லம்மா, வாயுதான்” என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார். “அத்தா அந்த வார்த்தையைச் சும்மா சொல்ல மாட்டாங்கன்னு இருந்துட்டோம் ஆன்ட்டி” என்று அவர் மகள் என் தோளில் அழுதாள்.

ஊரார் வீட்டுப் பிள்ளைக்காக அந்தச் சொல்லை அப்படி உலுக்கி எடுத்தவர், தன் நெஞ்சுக்கு வந்தபோது அதை அலட்சியமாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இது தகுமா, காதர் சார்? இன்னும் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் என் வீட்டுக்காரர் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். “சீரியஸா ஒண்ணும் இல்ல” என்றார். “அதை டாக்டர் சொல்லட்டும்” என்று ஆட்டோவைக் கூப்பிட்டேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, நல்லவேளை வந்தீர்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். காதர் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பிடிவாதத்தைத்தான்.