மாமியின் பஸ் டிக்கெட்

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகம் ஜாஸ்தி. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் வாயில் வைக்கமாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு ‘டிஸ்ப்ரூவ்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார் ஆறாம் வகுப்பு ஆங்கில டீச்சர். ஒருவர் சொன்னதைப் பொய்யென்று நிரூபிப்பதாம். “வெறுதே பொய்யுன்னு சொன்னா போராது மக்களே, தெளிவு வேணும் ஆக்கும்” என்றார். தெளிவு என்றால் எங்கள் ஊரில் ஆதாரம். ‘டிஸ்ப்ரூவ்’ வைத்து ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னார்.

மற்ற பிள்ளைகள் பூமி தட்டையில்லை என்று எழுதினார்கள். எனக்கு வீட்டிலேயே ஆள் இருந்தாள்.

அப்பாவின் தங்கை, என் மாமி, புருஷனோடு பிணங்கிப் பாறசாலையில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டிருந்தாள். அவள் மகளைப் புருஷன் வீட்டார் விடவில்லை; எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மார்த்தாண்டத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இனி அந்த ஊர்ப் பக்கம் போனால் இந்த வீட்டில் இடமில்லை என்று அப்பா எல்லார் முன்பும் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைதோறும் மாமி வடக்கே நெய்யாற்றின்கரைக்குத் தையல் படிக்கப் போனாள். என்ன படித்தாளோ, என் பாவாடைக்கு ஒரு கொக்கி வைத்துத் தந்ததில்லை. பையில் பலகாரத் துணுக்கு உதிர்ந்து கிடக்கும். எனக்கோ ஒன்றும் வராது. வயிறெரியாதா?

ஒரு வியாழன், மாமி கால் கழுவப் போன நேரம் பையில் கைவிட்டேன். பஸ் டிக்கெட். ஊர்ப்பேர் இல்லை, ஆனால் எழுத்தெல்லாம் தமிழ். கேரள பஸ் என்றால் மலையாளம் அல்லவா இருக்கும்! மாமி தெற்கே எல்லை தாண்டியிருக்கிறாள்.

சாயா குடிக்க எல்லாரும் உட்கார்ந்ததும் டிக்கெட்டை அப்பா முன்னால் வைத்தேன். “மாமி தையலுக்குப் போகல்ல. இதாக்கும் தெளிவு.”

அம்மா சாயா ஊற்றுவதை நிறுத்தினாள். அப்பா டிக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமியிடம், “திருவனந்தபுரத்திலேருந்து வாற நாகர்கோயில் பஸ்ஸில ஏறினியோ? அதும் நெய்யாற்றின்கரை வழிதானே வரும்” என்றார்.

ஐயோ, தமிழ்நாட்டு பஸ் அந்த வழியும் ஓடுமே! அது எனக்குத் தோன்றவே இல்லை. மாமி தலையை ஆட்டினால் போதும், என் தெளிவு போச்சு. அப்பா மேல் அப்படியொரு கோபம் வந்தது.

“இல்ல அண்ணா. பிள்ளையப் பாக்கப் போனேன். எல்லா வியாழனும் போனேன்.”

மறுநாள் காலை மாமி வீட்டைவிட்டு இறங்கினாள். மார்த்தாண்டத்தில் ஏதோ துணிக்கடையில் வேலை உண்டாம். அப்பா போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அவள் பெட்டியைப் பஸ் ஸ்டாப்பு வரை சுமந்தது அவர்தான். அது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.

மாமியை வைத்து எழுதிய வாக்கியத்துக்கு டீச்சர் ‘வெரி குட்’ போட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தப்பிக்க வழி எடுத்துக் கொடுத்தும் ஒரு ஆள் இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வாளா? பிள்ளையைப் பார்க்கப் போனதாகச் சொன்னதும் பொய்யாகத்தான் இருக்கும் என்று, மாமி விட்டுப்போன அலமாரியில் அடுத்த தெளிவைத் தேட ஆரம்பித்தேன்.