குடைக்குக் கீழே தெரிந்த கால்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் காத்துக்கொண்டிருந்தேன். கபடி மேட் விரித்தாகிவிட்டது. இரண்டு அணிப் பையன்களும் ஓடிக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். பெயர்ப் பட்டியலும் கையுமாக நான் வந்து அரைமணி நேரம் ஆகியும் எபிநேசரைக் காணோம். ஆட்டத்துக்கு ஒரு நாளும் பிந்தி வராத மனிதர். கோபமாகத்தான் போன் செய்தேன். எடுத்ததுமே, "இன்னாண்ணா, இன்னும் படப்பையே தாண்டலியா நீ?" என்று கத்தினேன். பேசியது அவர் மனைவி ரோஸி. "செல்வி, உங்க அண்ணன் போயிட்டாரும்மா. ஷூ மாட்டிக்கினு இருந்தாரு. குனிஞ்சவரு எழுந்துக்கல" என்றார். எனக்குப் பின்னால் நடுவர் விசில் ஊதினார். அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை.

எபிநேசரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையில் அவர் தரப் பரிசோதகர். அதே ஆலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் நான். வாரத்தில் ஆறு நாள் அந்தப் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறைக் கபடி லீக்கில் ஆடும் ஓர் அணிக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போவோம். எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிற ரெய்டர்களை எடைபோட்டுச் சொல்வது எங்கள் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை லீக்கில் புதுமுகத் தேர்வு நடக்கும். அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். அதற்கு எங்கள் வட்டாரத்திலிருந்து ஒரே ஒரு பெயரைச் சொல்லலாம். போன வாரம் படப்பையில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசிய நீங்கள் எல்லோரும் 'பேர் மாத்தி எபி' என்ற பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பட்டப்பெயரின் கதையில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

முதலில் குடையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஆட்டம். என்னுடைய ஊதாப்பூ போட்ட குடையைக் கடன் வாங்கினார். வாங்கியவர் அதை மூக்கு வரைக்கும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். "ஆட்டம் பாக்க வந்தியா, தூங்க வந்தியா?" என்று கேட்டேன். "முட்டிக்குக் கீழ மட்டுந்தான் தெரியுது செல்வி. சும்மா சொல்லக்கூடாது, இன்னிக்குத்தான் ஆட்டமே தெரியுது" என்றார். அன்றோடு என் குடை போயிற்று. மழையோ வெயிலோ, அவர் அந்தக் குடைக்குக் கீழே கால்களைப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஜெர்சி எண்ணைப் பார்த்துச் சொல்வதும், அதைப் பட்டியலில் குறிப்பதும் என் வேலை. "யாரு அது?" என்பார். "ஒம்போது" என்பேன். மீசை வைத்த ஆள் பூக்குடையோடு வருவதைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பார்கள். அவர் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

அவர் பாயின்ட்டை எண்ண மாட்டார். "தொடப் போற கால எல்லாரும் பாக்குறாங்க. திரும்பி வர்ற கால எவன் பாக்குறான்?" என்பார். ஒருவன் அடுத்தடுத்து இரண்டு முறை பிடிபட்டால் எபி நிமிர்ந்து உட்காருவார். "இப்பப் பாரு. மூணாவது வாட்டி எப்பிடி உள்ள போறான்னு பாரு. கோட்டாண்ட நின்னு கால் யோசிச்சுதுன்னா வுட்டுடு அவன." ஒரு போட்டியில் தொட்டதெல்லாம் பாயின்ட்டாக அள்ளிக்கொண்டிருந்தான் ஒரு பையன். மைதானமே விசிலடித்தது. எபி மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "புடிக்கிறவன் பயப்படறான், அதான் பாயின்ட்டு. பயப்படாத நாலு பேரு எதுக்க நின்னா இவன் நின்னுடுவான்." அடுத்த வாரம் நின்றும்விட்டான்.

குடைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஒரு கல்லூரி நிர்வாகி தேநீர் டம்ளரோடு வந்த அன்றுதான் நான் புரிந்துகொண்டேன். அவர் எபியின் காதருகே குனிந்து, "அந்தப் பையன் நம்ம ஆளுதான் சார், கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். குடை அசையவே இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "எந்தக் கால் சார் நம்ம ஆளு?" வந்தவர் டம்ளரோடு திரும்பிப் போய்விட்டார். பிறகு எபி என்னிடம் சொன்னார்: "பேரக் கேட்டா ஊரக் கேக்கத் தோணும். ஊரக் கேட்டா எந்தத் தெருன்னு கேக்கத் தோணும். கால்லயே நின்னுக்கலாம் செல்வி." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. அவரும் அப்படிக் கேட்கப்பட்டு வளர்ந்தவர்தான்.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் நிலைமை சரியில்லை. அதற்கு முந்தைய இரண்டு தேர்விலும் நாங்கள் சொன்னவர்கள் நிலைக்கவில்லை. ஒருவனுக்கு முட்டி போயிற்று, இன்னொருவன் வீட்டு நினைவில் முகாமைவிட்டே ஓடிவந்துவிட்டான். அணியின் பயிற்சியாளர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "இந்த வருஷமும் உங்க ஆளு தேறலைன்னா நாங்க வேற ஏற்பாடு பாத்துக்குறோம் எபி." எபிக்குக் கபடியைத் தவிர வேறு பேச்சு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு பெயர் தப்பாகிவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரி அரையிறுதியில் அந்தக் கால்கள் வந்தன. "செல்வி, இது யாரு?" என்று கேட்ட அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. முதல் பாதியில் "ஏழு" என்றேன், ஏழாம் எண்ணுக்கு நேரே குறித்துக்கொண்டேன். இரண்டாம் பாதியில் "இது அதே கால்தான, யாரு?" என்றார். பார்த்தேன், பதினொன்று. எனக்குக் குழப்பமாகிவிட்டது. அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் பிரிவில் ஒரு பெட்டி மேல் இரண்டு சீட்டு ஒட்டியிருந்தால் மேலே இருக்கிற சீட்டுதான் செல்லும். பதினெட்டு வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்திலேயே ஏழு என்பதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினேன். பதினொன்றுக்கு நேரே 'நவீன்' என்றிருந்தது. எபி அந்தப் பெயரை அனுப்பினார்.

தேர்வுப் பட்டியல் மூடுகிற அன்று இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துப் பயிற்சிக் களத்துக்கு நவீனை வரவழைத்திருந்தார்கள். நல்ல வளர்த்தியான பையன், ஒழுங்காக வணக்கம் சொன்னான். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தான். குடைக்குள்ளிருந்து எபி, "இது அந்தக் கால் இல்ல" என்றார். ஏழும் பதினொன்றும் என் கண் முன்னால் வந்து நின்றன. "இன்னா எபி இது?" என்று பயிற்சியாளர் எழுந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எபி குடைக் காம்பால் என் முழங்கையில் ஓர் இடி இடித்தார். "என் தப்பு சார். நாந்தான் பேர மாத்திக் குடுத்துட்டேன்."

நவீன்தான் எங்களைக் காப்பாற்றினான். அவன் வாயை மூடிக்கொண்டு ஆடியிருக்கலாம். அவனுக்கும் அதுதான் ஒரே வாய்ப்பு. ஆனால் அவன் சொன்னான்: "அண்ணா, அது தினேசுண்ணா. பிடியில அவன் ஜெர்சி கிழிஞ்சிடுச்சு. நான் வெளிய உக்காந்துனு இருந்தேன், என்னுது கழட்டிக் குடுத்தேன்."

"எங்க அவன்?"

"காலேஜ நிறுத்திட்டாண்ணா. ஒரகடத்துல ஏதோ கம்பெனில காண்ட்ராக்ட்ல கீறான். பர்ஸ்ட் ஷிப்ட்டு. போன உள்ள வுட மாட்டாங்க, எடுக்க மாட்டான். ஷிப்ட்டு வுட்டதும் கூட்டுரோட்டுலதான் ஆட்டோ புடிப்பான்."

பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் போய்ச் சேரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் ஷிப்ட் விட்டுவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் ரயிலுக்குப் போகிற ஷேர் ஆட்டோக்களை நோக்கி ஆயிரம் பேர் ஓடிவருகிறார்கள். எல்லோரும் ஒரே நீலச் சட்டை. தலைக்கு மேல் பையோ, பாலிதீன் கவரோ, சாப்பாட்டுப் பாத்திரமோ. முகமே தெரியவில்லை. நவீன் ஒவ்வொரு முகமாகக் குனிந்து குனிந்து பார்த்து, திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். "கிடைக்க மாட்டான்ணா, நான் சார்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்" என்று நான் அழுதே விட்டேன். ஆட்டோக்களுக்கு முன்னால் சாலையில் ஒரு பெரிய பள்ளம், முட்டி அளவு தண்ணீர். எபி அதன் ஓரத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குடையை மூக்கு வரைக்கும் தாழ்த்திக்கொண்டார்.

எல்லோரும் அந்தப் பள்ளத்தருகே வந்து நின்றார்கள், யோசித்தார்கள், தாண்டினார்கள், சிலர் விழுந்தார்கள். கனத்த பாதுகாப்பு ஷூ மாட்டிய ஒரு ஜோடிக் கால் மட்டும் வேகம் குறையாமல் வந்தது. இடது கால் தண்ணீரைத் தொட்டது, தொட்ட மாத்திரத்தில் உடம்பு வலப்பக்கம் திரும்பியிருந்தது. குடை தூக்கியடிக்கப்பட்டது. "இதான்! இதான் செல்வி! புடி!" என்று கத்திக்கொண்டே எபி பாய்ந்து அந்தக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். இத்தனைக்கும் நவீன் அந்தப் பையனை இரண்டடி தள்ளி நின்று கோட்டைவிட்டிருந்தான்.

தலையிலிருந்த கவரை எடுத்த தினேஷின் முகத்தில் பயம்தான் இருந்தது. பையை நீட்டினான். "நான் ஒண்ணும் எடுக்கலண்ணா. வேணும்னா பாத்துக்கோங்க."

"நீ எட்தது எல்லாம் பாயின்ட்டுதாண்டா. வண்டில ஏறு" என்றார் எபி, சேற்றில் உட்கார்ந்தபடியே.

நாலரைக்குக் களத்தில் இருந்தோம். எட்டு மணி நேரம் லைனில் நின்ற கால்கள். அவனிடம் ஆடுவதற்கு ஷூ இல்லை. ஜெர்சி கொடுத்த நவீனே தன் ஷூவையும் கழற்றிக் கொடுத்தான். முதல் ரெய்டில் தினேஷைப் பிடித்து அமுக்கினார்கள். இரண்டாவதிலும் அதே கதி. பயிற்சியாளர் பேனாவை மூடினார். "சார், மூணாவது பாருங்க" என்றார் எபி. அன்றைக்கு அவர் கும்பிட்டதை நான் பார்த்தேன். வாழ்க்கையில் வேறெதற்கும் அவர் கும்பிட்டுப் பார்த்ததில்லை. தினேஷ் கோட்டருகே நிற்கவே இல்லை. நேராகப் போனான். ஓரத்தில் நின்றவனைத் தொட்டான், நான்கு பேர் மேலே விழுந்தார்கள், அந்த இடது கால் திரும்பியது. நால்வரையும் தரையில் விட்டுவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். பயிற்சியாளர் பேனாவைத் திறந்து, "பையன் பேரு இன்னா சொன்ன?" என்றார். "இந்த வாட்டி அவனையே கேட்டுக்கங்க சார்" என்றார் எபி. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கடைசிச் சுற்றில்தான் அவனை எடுத்தார்கள். ஆனால் எடுத்தார்கள். அவனுடைய முதல் லீக் ஆட்டத்தை எங்கள் ஆலை கேன்டீன் டிவியில் பார்த்தோம். எபி நாற்காலி மேல் ஏறி, டிவியின் மேல் பாதியைச் செய்தித்தாளால் மறைத்துப் பிடித்துக்கொண்டார். "யோவ், பேப்பர எடுய்யா!" என்று கேன்டீனே கத்தியது. அவர் எடுக்கவில்லை. அந்தக் கால் திரும்பியபோது பேப்பரைக் கிழித்து வீசிவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். அன்று முழுக்கப் பரிசோதனை மேசையில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை பார்த்தார்.

பயிற்சியாளர் அந்தக் கதையை லீக் முழுக்கச் சொல்லிவிட்டார். 'பேர் மாத்தி எபி' என்று பெயர் நின்றுவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். "பொம்பளைக்கு ஆட்டம் இன்னா தெரியும்னு கேக்க ஏற்கனவே நாலு பேரு காத்துனு கீறாங்க. என்ன இன்னா சொல்லிடுவாங்க? சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போறாங்க" என்று முடித்துவிட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் கோழைத்தனம்.

அவரை அடக்கம் செய்த அன்று தினேஷ் முகாமிலிருந்து வந்திருந்தான். பெட்டியின் முன்பக்கம் நவீன், பின்பக்கம் அவன். நான் குனிந்த தலை நிமிராமல் நடந்ததால் எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அத்தனை கால்களில் அவனுடையதை நானே கண்டுபிடித்துவிட்டேன். எபி பார்த்திருந்தால் குதித்திருப்பார். எல்லாம் முடிந்த பிறகு ரோஸி உள்ளே போய் ஊதாப்பூக் குடையைக் கொண்டுவந்தார். "இது உன்னுதாமே? போற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு, குடுக்கணும் குடுக்கணும்னு" என்றார்.

இந்த ஞாயிறு மறுபடியும் கல்லூரி மைதானத்துக்குப் போகிறேன். அணி என்னைக் கேட்டிருக்கிறது, நானும் சரியென்று சொல்லிவிட்டேன். நண்பர்களே, பெயரை மாற்றியது எபிநேசர் இல்லை, நான். குடை என்னுடையது. அந்தத் தப்பும் என்னுடையது. இரண்டையும் அவர் எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன் அண்ணா.