கன்னியம்மா நலம்

முதலில் பாவாடை நாடாதான் எட்டாமல் போனது. கை கால் எல்லாம் இளைத்துக்கொண்டே வர, வயிறு மட்டும் முன்னால் வந்தது. கருவூல அலுவலகத்தில் என் பக்கத்து சீட் பத்மா, "வசந்தா, இந்த வயசுல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு அப்போது நாற்பத்தேழு. நானும் சிரித்தேன். வாயு என்று முடிவு கட்டி இரண்டு மாதம் ஓமத் தண்ணீர் குடித்தேன்.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது இப்படி இருந்தால் ஓமத் தண்ணீரோடு நின்றுவிடாதீர்கள். எனக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய் (கருமுட்டை உண்டாகும் பையில் வருவது). வயிற்றில் நீர் கோத்திருந்தது. கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், குடலுக்கு மேலே இருக்கும் கொழுப்புத் திரை எல்லாவற்றையும் எடுத்தார்கள். பிறகு ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். வாந்தியைப் பற்றி எழுதப்போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும், படாதவர்களுக்கு வேண்டாம்.

எனக்கு ஆபரேஷன் நடந்த அதே நாளில் அதே நோய்க்காக அதே மேஜையில் எனக்கு அடுத்துப் படுத்தவள் கன்னியம்மா. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். என்னைவிட ஆறு வயது சின்னவள். கணவர் முருகேசன் கொத்தனார். எங்கள் ஆஸ்பத்திரி நம்பர்கள் அடுத்தடுத்தவை. "உங்க நெம்பர் கூப்ட்டா நான் எழுந்துக்குவேன்க்கா, அடுத்து நான்தானே" என்பாள். எனக்கு முடி கொட்டிய மறுநாள் அவளுக்கும் கொட்டியது.

மருந்து முடிந்ததும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். "இப்ப உங்களுக்கு ரெமிஷன்" என்றார். (நோய் அடங்கியிருக்கும் நிலை. போய்விட்டது என்று பொருள் இல்லை.) "நடங்க, நல்லா சாப்பிடுங்க, வேலைக்குப் போங்க. மூணு மாசத்துக்கு ஒரு நாள் இங்க வந்து பயப்படுங்க. மத்த நாள்ல வேண்டாம்."

இதைவிட நல்ல மருத்துவம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் சேலையூர் ஏரிக்கரை வரை நடந்தேன். கீரையும் முட்டையும் சாப்பிட்டேன். சீட்டுக்குத் திரும்பி, பென்ஷன்காரர்களை வருடாந்திர நேர்காணலுக்கு வரவழைத்து விரட்டினேன். ஆள் நேரில் வந்து முகம் காட்டாமல் ஒருவருக்கும் 'உயிருடன் இருக்கிறார்' என்று நான் எழுதியதில்லை. அதில் எனக்குக் கறார் என்றே பெயர்.

பரிசோதனை நாளில் செங்கல்பட்டு ரயிலில் கன்னியம்மா முதலிலேயே ஏறிவிடுவாள். தாம்பரத்தில் பெண்கள் பெட்டியின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டிருக்கும். அந்தக் கையைப் பார்த்து நான் ஏறுவேன்.

பரிசோதனைக்கு வராதவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் அட்டை வரும். அதில் மூன்று கட்டங்கள்: நலம், நோய் திரும்பியுள்ளது, காலமானார். மூன்றாவதற்குப் பக்கத்தில் தேதிக்கு இடம். கன்னியம்மா தன் விலாசமாக என் வீட்டைக் கொடுத்திருந்தாள். "எங்கூரு போஸ்ட்டுமேன் டீக்கடைல குட்த்துட்டுப் பூடுவான்க்கா. ஆஸ்பத்திரி பேரப் பார்த்தா ஊருக்கே தெரிஞ்சிடும். பொண்ணுக்கு மாப்ளை பார்க்கணும்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. ஒரு பங்குனியில் ஜன்னலுக்கு வெளியே கை இருந்தது. ஓடிப்போய் ஏறினேன். வேறு யாரோ ஒருத்தி வேர்க்கடலைத் தோலை உதறிக்கொண்டிருந்தாள்.

"உங்க ஜோடி எங்கே?" என்று டாக்டரம்மா கேட்டார். "பொண்ணு கல்யாண வேலை" என்று சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. என் பரிசோதனை சுத்தமாக இருந்தது. அப்படியானால் அவளும் சுத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதையே திருப்பிப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு வந்துவிட்டால் எனக்கும் வரும் என்று என் உடம்பு முழுக்க நம்பியது.

சித்திரையில் அவள் பெயருக்கு அட்டை வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போயிருக்கலாம். நான் பேனாவை எடுத்து 'நலம்' கட்டத்தில் டிக் அடித்து, கோணல்மாணலான அவள் கையெழுத்தையும் போட்டு, தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். அன்று எனக்குப் பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு இரண்டாம் முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். என் கணவர் சந்தோஷப்பட்டார்.

ஆடியில் இன்னொரு அட்டை, ஐப்பசியில் ஒன்று, தையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 'நலம்'. அட்டை வரும் நாட்களில் இடது விலாவுக்குக் கீழே ஏதோ இழுக்கும். அது கன்னியம்மாவுக்கு வலிக்கும் இடம், எனக்கு அங்கே வலித்ததே இல்லை. டிக் அடித்துத் தபாலில் போட்டதும் நின்றுவிடும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. யாரிடம் சொல்வது? என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மாசியில் அலுவலகத்தில் ஒரு பென்ஷன்காரருக்கு நேர்காணல் முடித்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அம்மா, போர்டுல உங்க பேர் வசந்தான்னு போட்டிருக்கே. நீங்க வேற பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

குனிந்து பார்த்தேன். 'கன்னியம்மா' என்று இருந்தது. எழுதியது நினைவில்லை. பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஊர் டீக்கடையில் வழி கேட்டுப் போனபோது முருகேசன் வீட்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, அதில் என்னை உட்காரச் சொன்னார். சுவரில் படம் மாட்டியிருந்தது. படத்தில் அவளுக்கு நீளமாக முடி இருந்தது. முடி கொட்டுவதற்கு முன் அவளை அப்படிப் பார்த்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஆடி நாலாம் தேதி பூட்ச்சு" என்றார். "பங்குனிலயே வவுறு ஊதிக்கினுச்சு. மறுபடியும் அந்த மருந்து வேணாம், என்னால முடியாதுன்னு ஒரே பிடிவாதம். ஆனா வாசப்பக்கமே பார்த்துகினு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவலைன்னா கார்டு வரும், அக்கா எட்துகினு வந்து திட்டும், திட்டுனா போவலாம்னு சொல்லிகினே கெடந்துச்சு."

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"கார்டு வர்லையாக்கா?" என்று கேட்டார்.

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "வந்துச்சு. சித்திரையில வந்துச்சு. நல்லாயிருக்கான்னு நான்தான் எழுதிப் போட்டேன்" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். அதில் சிமெண்ட் காய்ந்திருந்தது. "ஏன்க்கா?" என்றார்.

"பயம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. உள்ளே திரும்பி, "அக்காவுக்குத் தண்ணி குடும்மா" என்று மகளிடம் சொன்னார். அந்தத் தண்ணீரைக் குடிக்க நான் பட்ட பாடு ஆறு முறை மருந்து ஏற்றியபோதுகூடப் படவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வந்திருந்தா பிழைச்சிருப்பாளா?" என்று கேட்டேன். "ரொம்ப நாள் இருந்திருப்பாங்கன்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு, "ஆனா வயித்துல இருக்கிற தண்ணியை எடுத்திருப்போம். மூச்சு விடறது சுலபமா இருந்திருக்கும்" என்றார். இரண்டாவதாகச் சொன்னதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதற்காக இன்றுவரை அவரை மதிக்கிறேன்.

கன்னியம்மாவின் ஃபைலை எடுத்தார். சித்திரை அட்டையும், அவள் போன பிறகு வந்த மூன்றும் வரிசையாகக் குத்தியிருந்தன. ஆஸ்பத்திரிக் கணக்கில் கன்னியம்மா இறந்த பிறகும் ஏழு மாதம் நலமாக இருந்திருக்கிறாள். அந்த ஏழு மாதமும் நன்றாகச் சாப்பிட்டு, ஏரிக்கரையில் நடந்து, எடை கூடியவள் நான். அவற்றை என் ஆயுளில் சேர்ப்பதா, அவள் ஆயுளில் சேர்ப்பதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நோய் அடங்கி இருப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நம்பிக்கை வேண்டும், அதில்லாமல் ஏரிக்கரை வரை நடக்க முடியாது. ஆனால் அதை இன்னொருத்தி உடம்பில் கொண்டுபோய் வைக்காதீர்கள். கூட இருந்தவர் வராமல் போனால் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகும் உங்கள் வயிறு உங்களுடையதாகவே இருக்கும். முருகேசன் வீட்டுக்குப் போன அன்றோடு என் விலா வலி போனது. அது போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

எனக்கு ஆபரேஷன் நடந்து இப்போது ஆறாவது வருடம். ஆஸ்பத்திரியில் நானே கேட்டு, பல்லாவரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை பதில் வராத அட்டைகளின் விலாசங்களை வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் போகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பயப்படுகிறேன், அதை மட்டும் விடவில்லை. இடைப்பட்ட நாட்கள் முன்போல ஓடுவதில்லை. ஒரு கதவைத் தட்டிவிட்டு அது திறக்கும்வரை நிற்கும் நேரம்தான் எனக்கு நாள் கணக்கில் நீள்கிறது. அப்போது என் கை தானாக வயிற்றுத் தழும்பின்மேல் போய் உட்காரும்.

போன வாரம் பம்மலில் ஒரு சந்து. நாலாவது மருந்தோடு நின்றுவிட்ட ஒருத்தியின் வீடு. தட்டினேன். கதவு ஒருக்களித்துத் திறந்தது. தலையில் துண்டு, வயிறு முன்னால் வந்திருந்தது. இதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் யார் என்று கேட்கவில்லை.

"இத்தினி நாளு இன்னாக்கா பண்ணிகினு இருந்தே?" என்றாள்.